பெட்டிக்குள்ளேயே தோற்றுப்போன ஹீ-மேன்

கடலூர், புதுச்சேரி பக்கம் இன்று நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் ஹீ-மேன் என்று சொன்னால் போதும், வாளைத் தலைக்கு மேல் தூக்கும் பாவனையில் கை தானாக எழும். தூர்தர்ஷனில் அந்தக் கார்ட்டூன் வந்த காலத்தில் வசனம் பாதி புரியாது; அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. மும்பையின் லியோ நிறுவனம் அமெரிக்காவின் மேட்டலிடம் உரிமம் வாங்கி, அந்தப் பொம்மைகளை இந்தியாவிலேயே செய்து விற்றது. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் புடைத்த தசையோடு நின்ற அந்த வீரனை வாங்கிக் கொடுத்த அப்பாக்கள் கொஞ்சம் பேர். பார்த்துவிட்டு மட்டும் வீடு திரும்பிய பிள்ளைகளே அதிகம்.

அந்த ஹீ-மேனை மேட்டல் 2002-ல் அமெரிக்கச் சந்தைக்கு மறுபடி கொண்டுவந்தது. பெயர் ஏற்கெனவே ஊருக்கெல்லாம் தெரிந்தது. பொம்மைகளைப் பழையதைவிடப் பல மடங்கு நுணுக்கமாகச் செதுக்கியிருந்தார்கள். கூடவே கார்ட்டூன் நெட்வொர்க்கில் புதிய தொடரும் வந்தது. இத்தனை இருந்தும் முழுதாக இரண்டு ஆண்டுகள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. தொடர் 39 பகுதிகளோடு 2004 ஜனவரியில் நின்றது. கடைகளிலிருந்து பொம்மையும் அதையொட்டி மறைந்தது.

காலம் மாறிவிட்டது, பிள்ளைகள் வீடியோ கேமுக்குப் போய்விட்டார்கள் என்று சொல்லிவிடலாம். எதற்கும் பொருந்துகிற இந்த விளக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதே ஆண்டுகளில்தான் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற ரோபோ பொம்மை புதிய வடிவில் நன்றாக விற்றது. பேபிளேடு பம்பரம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் சுழன்றது. பிள்ளைகள் பொம்மை வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் கேட்ட உருவம் கடையில் கிடைக்கவில்லை, கடையில் கிடைத்தது அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. கோளாறு எங்கே என்று தேடினால் தொழிற்சாலையிலிருந்து கடைக்குப் போன அட்டைப் பெட்டியில் வந்து நிற்கிறது. பொம்மை வியாபாரம் பரம்பரையாக நடக்கிற பண்ருட்டி பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

முதலில் பழைய கதை. 1976-ல் ஸ்டார் வார்ஸ் படத்தின் பொம்மை உரிமம் மேட்டலைத் தேடி வந்தது. மேட்டல் வேண்டாம் என்றது. கென்னர் என்ற சிறிய நிறுவனம் அதை எடுத்துக்கொண்டு கொழித்தது. பையன்களுக்கென்று சொந்தமாக ஒரு வீரன் வேண்டும் என்ற ஆற்றாமையில் மேட்டல் 1982-ல் இறக்கியதுதான் 'மாஸ்டர்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ்'. ஸ்டார் வார்ஸ் உருவங்கள் மூன்றே முக்கால் அங்குலம். இவை ஐந்தரை அங்குலம். இடுப்பைத் திருகி விட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் உடம்பைச் சுழற்றிக் குத்துவிட வைக்கும். 1983-ல் 130 பகுதிகள் கொண்ட கார்ட்டூன் தொடங்கியது.

அந்த முதல் வரிசையில் ஒரு சூட்சுமம் உண்டு. ஹீ-மேனோடு வரும் வாள் முழு வாள் கிடையாது, ஒரு பக்கம் தட்டையான பாதி வாள். மறுபாதி வில்லன் ஸ்கெலட்டரோடு வரும். இரண்டையும் ஒட்டவைத்தால்தான் கோட்டையைத் திறக்கும் முழு வாள். நாயகனை வாங்கிய பிள்ளை வில்லனையும் கேட்டு அழுதே ஆகவேண்டும். செலவைக் குறைப்பதிலும் கெட்டிக்காரத்தனம் இருந்தது. ஒரே மார்பு அச்சு, ஒரே கால் அச்சு, தலையும் நிறமும் மட்டும் வேறு. பீஸ்ட் மேனின் ரோமம் அடர்ந்த உடம்பைச் சாம்பல் நிறமாக்கி, சிறகைக் கட்டிவிட்டால் அவன் ஸ்டிராட்டோஸ். ஹீ-மேன் ஏறி வரும் பச்சைப் புலியே மேட்டலின் வேறொரு பொம்மை வரிசைக்காக முன்பே செய்த புலிதான். ஒன்றுமே வீணாகாது. புதிய ஆள் ஒருவனைச் சந்தைக்குக் கொண்டுவரச் சில்லறைச் செலவுதான் என்பதால் ஆள் மேல் ஆளாக வந்துகொண்டே இருந்தார்கள்.

பிறகு சரிவு. 1986-ல் அமெரிக்காவில் 40 கோடி டாலருக்கு விற்ற வரிசை அடுத்த ஆண்டே 70 லட்சம் டாலருக்கு விழுந்தது என்பது, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ரோஜர் ஸ்வீட் பின்னாளில் சொன்ன கணக்கு. கணக்கில் முன்னே பின்னே இருக்கலாம், விழுந்த வேகத்தில் சந்தேகம் இல்லை. காரணமாக இரண்டைச் சொல்வார்கள். கடைகளின் தலையில் தேவைக்கு மேல் சரக்கைக் கட்டியது ஒன்று. மற்றொன்றுதான் நமக்கு முக்கியம். பழைய வாடிக்கைப் பிள்ளைகளிடம் ஹீ-மேனும் ஸ்கெலட்டரும் ஏற்கெனவே இருக்கிறார்களே என்று, பின்னாளில் அனுப்பிய பெட்டிகளில் அந்த இருவரையும் குறைத்துத் துணைப் பாத்திரங்களை நிரப்பினார்கள். அந்த ஆண்டு புதிதாக ஐந்து வயதை எட்டிய பிள்ளை கடைக்கு வந்தால் நாயகனே இல்லை. பெயர் தெரியாத கூட்டாளிகள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தார்கள். கதைக்குள் நுழையவே வாசல் இல்லாமல் போயிற்று.

1989-ல் ஹீ-மேனை விண்வெளிக்கு அனுப்பி ஒரு முயற்சி நடந்தது. பழைய கோட்டையும் பழைய கூட்டாளிகளும் இல்லாத அந்த ஹீ-மேனைச் சீந்துவார் இல்லை.

2002-க்கு வருவோம். பொம்மைச் சிற்பத்தில் பெயர் எடுத்த மெக்ஃபார்லேன் நிறுவனத்திலிருந்து வெளியே வந்த சிற்பிகள் சிலர் 'ஃபோர் ஹார்ஸ்மென்' என்ற பட்டறையைத் தொடங்கியிருந்தார்கள். சிறுவயதில் ஹீ-மேனோடு வளர்ந்தவர்கள். பணத்துக்காக மட்டும் செய்பவர்களின் கை இல்லை என்பது அந்த உருவங்களைப் பார்த்தாலே தெரியும். ஸ்கெலட்டரின் எலும்பு முகத்தில் வெடிப்பும் பள்ளமும், கவசத்தில் தேய்மானமும், மேலங்கியில் மடிப்பும் என ஒவ்வோர் உருவத்தையும் புதிதாகச் செதுக்கினார்கள். ஒருவன் உடம்பை இன்னொருவனுக்கு மாட்டுகிற பழைய வேலைக்கு இங்கே அதிக இடம் இல்லை. கலையாகப் பார்த்தால் பெரிய முன்னேற்றம். கணக்குப் பிள்ளைக்கு அங்கேயே தலைவலி தொடங்கிவிட்டது.

பிளாஸ்டிக் பொம்மையில் பெருஞ்செலவு பிளாஸ்டிக்கில் இல்லை, இரும்பு அச்சில் இருக்கிறது. ஓர் உருவத்துக்கு அச்சு வெட்டிவிட்டால் அதிலிருந்து எத்தனை ஆயிரம் வார்க்கிறோமோ அத்தனைக்கு அத்தனை லாபம். துணைப் பாத்திரத்துக்கு வெட்டிய அச்சு அந்தத் துணைப் பாத்திரத்துக்கு மட்டும்தான். ஹீ-மேனின் அச்சில் நிறத்தை மாற்றி, புதிய மார்க்கவசம் ஒன்றைப் பூட்டி, அட்டையில் புதுப் பெயர் போட்டால் புதிய சரக்கு தயார். அப்படி வந்தவர்கள்தான் காட்டுச் சண்டை ஹீ-மேன், தற்காப்புக் கலை ஹீ-மேன், பனிக்கவச ஹீ-மேன், ஓநாய்க் கவச ஹீ-மேன் எல்லாம். எதிரே நெருப்புக் கவச ஸ்கெலட்டர். இவர்களில் பெரும்பாலோர் கார்ட்டூனில் தலையைக்கூடக் காட்டாதவர்கள். நிறுவனத்திடம் விற்பனைப் புள்ளிவிவரம் இருக்கும். அதைப் பார்த்தால் எப்போதும் நாயகன்தான் முதலிடம். 1987-ன் சூடு வேறு நினைவில் இருக்கிறது. பெட்டியில் நாயகன் இல்லாமல் போனதால்தானே அன்று விழுந்தோம், இந்தமுறை பெட்டி நிறைய நாயகனே இருக்கட்டும் என்று முடிவெடுத்தவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பள்ளத்திலிருந்து மீண்டவர்கள் எதிர்ப்பக்கப் பள்ளத்தை எப்படிப் பார்ப்பார்கள்?

இப்போது பெட்டியைத் திறந்து பார்ப்போம். அமெரிக்கப் பெருங்கடை எதுவும் எனக்கு இந்த உருவத்தில் நாலு, அந்த உருவத்தில் ஆறு என்று கேட்டு வாங்குவதில்லை. நிறுவனம் கலந்து அடைத்துக் கொடுக்கிற பெட்டியை அப்படியே வாங்கும். ஒரு பெட்டிக்குப் பன்னிரண்டு உருவம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அதில் ஹீ-மேன் வகையறா ஐந்து, ஸ்கெலட்டர் வகையறா மூன்று, மீதி நாலு பேர் ஆளுக்கு ஒன்று. கடை நாலு பெட்டி இறக்குகிறது. பொம்மை அட்டைகளைத் தொங்கவிடும் கொக்கிகளில் 20 ஹீ-மேன், 12 ஸ்கெலட்டர், மற்ற நாலு பேரில் ஆளுக்கு நாலு.

முதல் வாரம் அந்த நாலு பேரும் காலி. பிள்ளைகள் வாங்குகிறார்கள், பிள்ளைகளுக்கு முன்னாலேயே கடை திறக்கும் நேரத்தில் வந்து நிற்கிற சேகரிப்பாளர்கள் வாங்குகிறார்கள், அவர்களுக்கும் முன்னால், இணையத்தில் இரட்டை விலைக்கு விற்பதற்கென்றே வாரிக்கொண்டு போகிறவர்கள் வாங்குகிறார்கள். டீலா, ஈவில்-லின் என்ற இரு பெண் பாத்திரங்களும் கண்ணில் படுவதே அபூர்வம் என்று ஆனது இப்படித்தான். பையன்கள் பெண் பொம்மை வாங்க மாட்டார்கள் என்பது பொம்மைத் தொழிலில் வேதவாக்கு. அதனால் பெட்டிக்கு ஒன்றுக்கு மேல் வைப்பதில்லை. ஒன்றே ஒன்று வைத்துவிட்டு, பெண் பொம்மை அதிகம் விற்கவில்லை என்று புள்ளிவிவரம் எடுத்தால் வேறு என்ன விடை வரும்?

மீதி இருப்பது இருபதில் பாதி ஹீ-மேனும் பாதிக்கு மேல் ஸ்கெலட்டரும். நாயகனை ஒரு பிள்ளை ஒரு தடவைதான் வாங்கும். கவசம் மாறிய இரண்டாவது ஹீ-மேனை ஆசைப்பட்டு வாங்கலாம். மூன்றாவதுக்கு அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். "இதுதான் வீட்டில் இருக்கிறதே" என்கிற வாக்கியத்துக்கு எந்த விளம்பரத்திலும் பதில் இல்லை.

அடுத்து நடப்பதுதான் உண்மையான கோளாறு. கடையின் கணினிக்கு அந்தப் பெட்டிச் சரக்கு முழுவதும் பொதுவாக ஒரே கணக்கு எண். கொக்கியில் இன்னும் பதினாறு, பதினேழு உருப்படி தொங்குவதாக அது சொல்லும்; அத்தனையும் இரண்டே ஆட்களின் வேறுவேறு சட்டை என்பது அதற்குத் தெரியாது. சரக்கு இருக்கும்போது புதுப் பெட்டி எதற்கு? கடை ஆர்டர் போடாது. புதிய பாத்திரங்கள் கொண்ட அடுத்த பெட்டி கிடங்கிலேயே காத்துக்கிடக்கும். தொலைக்காட்சியில் புதிய பாத்திரத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடிவரும் பிள்ளைக்கு அதே பழைய பனிக்கவசம்தான் கிடைக்கும். நாலு வாரம் ஏமாந்த பிள்ளை ஐந்தாம் வாரம் பேபிளேடு பக்கம் போகும். விற்பனை விழுந்ததும் தள்ளுபடி. தள்ளுபடி விலையில் தொங்கும் பொம்மையைப் பார்க்கிற கடை மேலாளர் அடுத்த பருவத்துக்கு அலமாரியில் அதன் இடத்தைப் பாதியாக வெட்டுவார். அதற்குப் பிறகு நல்ல பெட்டி அனுப்பினாலும் வைக்க இடம் இருக்காது.

பண்ருட்டியில் நவராத்திரிக்குக் கொலு பொம்மை செய்து அனுப்புகிறவர்களின் வழக்கத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். களிமண்ணிலும் காகிதக் கூழிலும் அச்சில் அழுத்தி, உலர்த்தி, வண்ணம் தீட்டி, வைக்கோல் சுற்றி வெளியூர்களுக்கு அனுப்புகிற தொழில் அது. கொலு வைக்கிற வீட்டில் ஆண்டுக்கு ஒரு புதிய பொம்மையாவது சேர்ப்பது வழக்கம். வாங்க வருகிறவர் தம் படியில் எது இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் வருவார். மொத்த வியாபாரியும் அதைத் தெரிந்துகொண்டு, போன ஆண்டு எது போனது, எது தங்கியது என்று பார்த்து, இந்த உருவத்தில் இத்தனை, அந்தச் செட்டில் இத்தனை என்று சொல்லி எடுப்பார். செட்டியார் பொம்மை கேட்டவருக்குப் பத்துக் கிருஷ்ணரைச் சேர்த்துத்தான் தருவேன் என்று யாரும் பெட்டி கட்டி அனுப்புவதில்லை.

கிரிக்கெட் ஆடும் பிள்ளையார், கணினி முன்னால் உட்கார்ந்த பிள்ளையார் எல்லாம் விற்கிறார்களே, அவர்களும் நாயகனுக்குச் சட்டை மாற்றிய சரக்குத்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரே சாமி நூறு வேடத்தில் வந்தாலும் விற்கத்தான் செய்கிறார். ஆனால் கிரிக்கெட் பிள்ளையாருக்குப் பக்கத்திலேயே தசாவதார செட்டும் கல்யாண செட்டும் கடையில் இருக்கின்றன. வேடப் பிள்ளையார் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. நாயகனின் வேடங்கள் ஹீ-மேனின் குற்றம் இல்லை. அந்த வேடங்களுக்காகத் துணைப் பாத்திரங்களின் இடத்தைப் பறித்ததுதான் குற்றம். தசாவதார செட்டில் கூர்மம் உடைந்துவிட்டால் மிச்சம் ஒன்பதையும் யாரும் சீண்ட மாட்டார்கள் என்பது கொலு பொம்மைக் கடையில் பாலபாடம். மேட்டல் பத்து ராமரை அடைத்துவிட்டு, கூர்மத்தைப் பெட்டிக்கு ஒன்று வைத்தது.

விளம்பரத்தின் பக்கம் இன்னொரு குழப்பம் இருந்தது. யாருக்கு விற்கிறோம் என்பதில் தெளிவு இல்லை. 2000-ஐ ஒட்டி மேட்டல் பழைய பொம்மைகளை அப்படியே மறுபதிப்பாக வெளியிட்டது. அவை பெரியவர்களுக்கு, பழைய நினைவுக்கு. 2002-ன் புதிய வரிசை சிறுவர்களுக்கு என்றார்கள். ஆனால் அதைப் பேசிப் பேசி ஊதியவர்கள் இருபத்தைந்து, முப்பது வயதுக்காரர்கள். அவர்கள் விரும்பியது துணைப் பாத்திரங்களின் முழு அணி. ஆளுக்கு ஒன்று வாங்கி அலமாரியில் அடுக்குவது அவர்கள் பழக்கம். ஓநாய்க் கவசம் அவர்களுக்குத் தேவையே இல்லை. சிறுவர்களுக்கோ இந்த உலகமே புதிது. அவர்களுக்கு அதைச் சொல்லித்தரத் தொடர் ஒன்றுதான் வழி. 1983-ல் தொடர் வாரம் ஐந்து நாளும் பள்ளி விட்டு வரும் நேரத்தில் உள்ளூர் நிலையங்களில் ஓடியது. 2002-ல் அது கேபிள் சேனல் ஒன்றில், டஜன் கணக்கான தொடர்களுக்கு நடுவில், வாரத்துக்கு ஒரு புதிய பகுதி. கேபிள் இல்லாத வீட்டுக்கு அதுவும் இல்லை. நன்றாகவே எழுதப்பட்ட தொடர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் நல்ல தொடர் வேறு, பொம்மையை நகர்த்துகிற தொடர் வேறு.

தொடரும் பொம்மையும் கைகோத்து நடக்கவும் இல்லை. கோட்டையின் காவல் தெய்வம் போல நிற்கும் மாயக்காரி பல பகுதிகளில் வருகிறாள். அவளுக்குப் பொம்மை வரவே இல்லை. நண்டுக் கையுடைய கிளாஃபுல்லுக்கும் அதே கதி. திரையில் இருந்தவர்கள் கடையில் இல்லை, கடையில் இருந்தவர்கள் திரையில் இல்லை. இரண்டாம் பருவத்தில் பாம்பு மனிதர்களை எதிரிகளாக்கி, தொடருக்கும் பொம்மை அட்டைக்கும் அதையொட்டிப் பெயர் மாற்றிப் பார்த்தார்கள். தேங்கிய கொக்கிக்குப் புதுப் பெயர்ப் பலகை மாட்டிய கதைதான். அந்தப் பொம்மைகள் வந்தபோது பல கடைகள் கதவைச் சாத்திவிட்டிருந்தன.

சில கடைகள் நிஜமாகவே சாத்தின. 1990-களின் இறுதியிலேயே பொம்மை விற்பனையில் டாய்ஸ் ஆர் அஸ் கடையை வால்மார்ட் முந்திவிட்டது. பொம்மைக்கென்றே இருக்கும் கடையில் ஒரு வரிசை ஓராண்டு தள்ளாடினாலும் ஒரு மூலையில் பிழைத்துக் கிடக்கலாம். மளிகையும் துணியும் டயரும் விற்கிற வால்மார்ட்டில் ஒவ்வோர் அடி அலமாரிக்கும் கணக்கு. தங்குகிற சரக்குக்கு அங்கே தயவு கிடையாது. 2004 ஜனவரியில் கேபி டாய்ஸ் கடைத்தொடர் திவால் மனு கொடுத்தது. மேட்டலுக்குள்ளேயும் ஹீ-மேனுக்குப் போட்டி வந்திருந்தது. அதே காலத்தில்தான் பேட்மேன் உள்ளிட்ட டிசி காமிக்ஸ் பாத்திரங்களின் உரிமம் அந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது. கடைக்காரரிடம் ஒரு வரிசைக்காகத்தான் மல்லுக்கட்ட முடியும் என்றால், தேங்கிக் கிடக்கும் சொந்தப் பிள்ளைக்காகவா வாதாடுவார்கள், வந்ததுமே விற்கிற பேட்மேனுக்காகவா?

வரிசை நின்ற பிறகு நடந்ததுதான் இந்த வாதத்துக்கு எனக்குக் கிடைத்த பலமான சாட்சி. 2005-லிருந்து நெகா என்ற சிறிய நிறுவனம், பொம்மையாக வராமல் போன அந்தத் துணைப் பாத்திரங்களை அதே சிற்பிகளின் கைவண்ணத்தில் அசையாத சிறு சிலைகளாக வெளியிட்டது. 2002 பொம்மைகளின் உயரத்துக்குப் பொருத்தமாக, பக்கத்தில் நிறுத்தத் தோதாகச் செய்திருந்தார்கள். கை கால் அசையாது, விளம்பரம் இல்லை, தொடரும் நின்றுவிட்டது. அப்படியும் மாயக்காரியையும் கிளாஃபுல்லையும் தேடி வாங்க ஆள் இருந்தது.

2008-ல் மேட்டல் 'கிளாசிக்ஸ்' என்ற பெயரில் மீண்டும் வந்தபோது கடையையே ஒதுக்கிவிட்டது. சொந்த இணையதளத்தில் குறித்த நாளில் விற்பனை. பிறகு ஆண்டுச் சந்தா. கலந்த பெட்டி இல்லை, கொக்கி இல்லை, தள்ளுபடி இல்லை. தளம் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துபோன உருவங்கள் பல. 1980-களில் ஒரே ஒரு தடவை தலைகாட்டிய பாத்திரத்துக்குக்கூடப் பொம்மை வந்தது. எத்தனை பேர் வாங்குவார்கள் என்பது சந்தாப் பட்டியலில் முன்கூட்டியே தெரிந்ததால் அச்சுச் செலவுக்குப் பயப்பட வேண்டியிருக்கவில்லை. அதற்குக் கொடுத்த விலை, பிள்ளைகளை மொத்தமாகக் கைகழுவியது. ஒரு பொம்மைக்கு 20 டாலரும் அதற்கு மேல் தபால் செலவும் கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்குகிற ஏழு வயதுப் பையன் எந்த நாட்டிலும் இல்லை.

2020-ல் 'ஆரிஜின்ஸ்' என்ற பெயரில் மேட்டல் திரும்பவும் கடைக்கே போனது. உயரம் பழையபடி ஐந்தரை அங்குலம். தலை, கை, கால்களைக் கழற்றி ஒருவனுடையதை இன்னொருவனுக்கு மாட்டலாம். 1982-ன் பொது அச்சுச் சிக்கனம் இப்போது விளையாட்டாகவே ஆகிவிட்டது. துணைப் பாத்திரத்தை இறக்கும் செலவு அதனால் குறைகிறது. பெட்டியை யார் அடைக்கிறார்கள், எந்தக் கணக்கில் அடைக்கிறார்கள் என்பதில் அந்த மிச்சத்தைச் செலவிட்டால் வால்மார்ட் கொக்கியில் டீலாவுக்கும் இடம் கிடைக்கும்.